யாரும் ஜெயிக்காத பந்தயம்

சங்கரன்கோவில், கழுகுமலை ரோட்டில் ஒரு டீக்கடை. 2025-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி. காலை நேரம். பெஞ்சியில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து இருந்தார்கள். ஒருவர் பத்திரிகையை உரக்கப் படித்தார். மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டே கேட்டார்கள்.

"கோவாவுல கால்பந்துப் பந்தயம் நடந்திருக்கு. கல்கத்தாவுல உள்ள ரெண்டு பெரிய கிளப்பும் மோதியிருக்கு. ரெண்டு பேருமே கோல் போடலை."

"அப்ப யாரு ஜெயிச்சா, அண்ணாச்சி?"

"யாரும் ஜெயிக்கலை. ஆனா ஈஸ்ட் பெங்கால் அடுத்த சுத்துக்குப் போயிட்டான். மோகன் பகான் வீட்டுக்குப் போறான்."

"அது எப்படி அண்ணாச்சி? ரெண்டு பேரும் சமம்னா ரெண்டு பேரும் போகணும். இல்லைன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குத் திரும்பணும். ஒருத்தனை மட்டும் அனுப்பினது என்ன நியாயம்?"

படித்தவரால் பதில் சொல்ல முடியவில்லை. தறிக்குப் போகும் நேரமும் ஆகிவிட்டது. கூட்டம் கலைந்தது.

கேட்டவர் கால்பந்தைக் காலால் தொட்டு அறியாதவர். ஆனாலும் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால், அது கோவாவில் கிடைக்கவில்லை. கல்கத்தாவிலும் கிடைக்கவில்லை. நம்முடைய சென்னையில் கிடைக்கிறது!

சின்னக் கணக்கு

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். கடினம் ஒன்றும் இல்லை. கூட்டலும் கழித்தலும்தான்.

சூப்பர் கோப்பை என்பது அகில இந்தியப் பந்தயம். 2018-ம் ஆண்டு தொடங்கியது. 2025 அக்டோபரில் கோவாவில் நடந்த பந்தயத்துக்கு 16 அணிகள் வந்தன. நான்கு நான்கு அணிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் முதலாவதாக வரும் அணி மட்டுமே அரை இறுதிக்குப் போகலாம். இரண்டாவதாக வந்தாலும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஒரு பிரிவில் இருந்த நான்கு அணிகள்: கல்கத்தாவின் மோகன் பகான், அதே ஊரின் ஈஸ்ட் பெங்கால், கோவாவின் டெம்போ, சென்னையின் சென்னையின் எப்.சி. (கிளப்பின் பெயரே "சென்னையின்" என்பதுதான். அச்சுப் பிழை அல்ல!)

ஜெயித்தால் 3 புள்ளி. சமமாக முடிந்தால் ஆளுக்கு 1 புள்ளி. தோற்றால் ஒன்றும் இல்லை.

மோகன் பகான் சென்னையை 2-0 என்று தோற்கடித்தது. டெம்போவுடன் 0-0 என்று சமம். ஆக 4 புள்ளி.

ஈஸ்ட் பெங்கால் டெம்போவுடன் 2-2 என்று சமம். சென்னையை 4-0 என்று தோற்கடித்தது. அதற்கும் 4 புள்ளி.

அக்டோபர் 31-ந் தேதி, மட்காவ் நகரில் உள்ள பட்டோர்டா மைதானத்தில் இந்த இரண்டும் மோதின. 0-0. இரண்டுக்கும் 1 புள்ளி கூடியது. 5-ம் 5-ம் சமம்.

புள்ளி சமமாக இருந்தால் என்ன செய்வது? போட்ட கோலில் இருந்து வாங்கிய கோலைக் கழிக்க வேண்டும். மிச்சம் யாருக்கு அதிகமோ அவரே முதல்வர். மோகன் பகானுக்கு மிச்சம் 2. ஈஸ்ட் பெங்காலுக்கு மிச்சம் 4.

டீக்கடைக் கேள்விக்குப் பதில் இதுதான். அந்த மாலை மைதானத்தில் 22 பேர் ஓடி ஓடிக் களைத்தார்கள். ஆனால் முடிவு மூன்று நாட்களுக்கு முன்பே, அக்டோபர் 28-ந் தேதியே எழுதப்பட்டுவிட்டது. மோகன் பகானிடம் இரண்டு கோல் வாங்கிய சென்னை, ஈஸ்ட் பெங்காலிடம் நான்கு கோல் வாங்கியது. அந்த வித்தியாசம்தான் வங்காளிகளின் நூறு வருஷச் சண்டையில் ஒரு தீர்ப்பைச் சொன்னது.

சென்னை ஏன் நான்கு கோல் வாங்கியது? அதற்கு வருகிறேன். அதற்கு முன், இந்த இரண்டு கிளப்புகளும் யார் என்று தெரிய வேண்டும்.

வெறுங்காலோடு ஜெயித்தவர்கள்

மோகன் பகான் கிளப் 1889-ல் தொடங்கியது. அதை இந்தியா முழுவதும் அறியச் செய்த நாள் 1911 ஜூலை 29. அன்று ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதிப் பந்தயம். எதிரே நின்றது வெள்ளைக்காரப் பட்டாள அணி. கிழக்கு யார்க்ஷையர் ரெஜிமெண்டு. அவர்கள் காலில் பூட்ஸ். மோகன் பகான் அணியில் ஒரே ஒருவர்தான் பூட்ஸ் போட்டவர். மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். ஜெயித்தது வெறுங்கால். 2-1!

ஆளுகிறவனை அடிமைப்பட்டவன் ஒரு மாலை நேரத்தில் தோற்கடித்தான். காந்தி அப்போது இந்தியாவுக்குத் திரும்பியிருக்கவில்லை. சுதந்திரத்துக்கு இன்னும் 36 ஆண்டுகள் இருந்தன. மோகன் பகானை வங்காளிகள் ஏன் தலையில் வைத்து ஆடினார்கள் என்பது இப்போது புரியும்.

ஈஸ்ட் பெங்கால் பிறந்தது 1920-ல். ஒரு கோபத்தில் பிறந்தது. ஜோராபகான் என்று ஒரு கிளப். மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் கிழக்கு வங்காளத்து ஆட்டக்காரர் ஒருவரைச் சேர்க்காமல் விட்டார்கள். அந்தக் கிளப்பின் உதவித் தலைவரும் கிழக்கு வங்காளத்துக்காரர். சுரேஷ் சந்திர சவுத்ரி என்று பெயர். "எங்கள் பக்கத்து ஆள் என்பதால்தானே ஒதுக்கினீர்கள்?" என்று கோபித்துக்கொண்டு வெளியே வந்தார். புதுக் கிளப் தொடங்கினார். பெயரும் அப்படியே: ஈஸ்ட் பெங்கால். அதாவது கிழக்கு வங்காளம்.

1947-ல் நாடு பிரிந்தது. கிழக்கு வங்காளம் பாகிஸ்தானுக்குப் போயிற்று. லட்சக்கணக்கானவர்கள் வீடு வாசலை விட்டுக் கல்கத்தாவுக்கு ஓடி வந்தார்கள். முகாம்களிலும் குடிசைகளிலும் இருந்தார்கள். அவர்களுக்கு ஊர் போய்விட்டது. ஊரின் பெயர் மட்டும் ஒரு கால்பந்துக் கிளப்பில் மிச்சம் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

சென்னையில் மளிகைக் கடையில் நிற்கும் நம் ஊர்ப் பையன், கடைக்கு வருகிறவர் பேச்சில் திருநெல்வேலி வாடை அடித்ததும் முகம் மலர்கிறான் அல்லவா? அவனாவது ஆடித்தபசுக்கு பஸ் ஏறி வந்துவிடலாம். அவர்களுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை.

இரண்டு கிளப்புகளும் முதன்முதலில் கல்கத்தா லீக்கில் மோதியது 1925 மே 28-ந் தேதி. ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று ஜெயித்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. சண்டை ஓயவில்லை. வீட்டுச் சமையலிலும் அது உண்டு. ஈஸ்ட் பெங்கால்காரர்களுக்கு ஹில்சா மீன். தமிழில் உல்லம் என்பார்கள். மோகன் பகான்காரர்களுக்கு இறால். ஜெயித்த அன்று ஜெயித்தவர் மீன் அடுப்பில் ஏறும். கணவன் ஒரு கட்சி, மனைவி ஒரு கட்சி என்று இருக்கும் வீடுகளில் அன்று இரவு சமையல் என்ன ஆகும் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1997 ஜூலை 13-ந் தேதி கல்கத்தா சால்ட் லேக் மைதானத்தில் இந்த இரண்டும் மோதியபோது வந்த கூட்டம் 1 லட்சத்து 31 ஆயிரத்துக்கு மேல். நம் சங்கரன்கோவில் நகரத்தில் உள்ள அத்தனை பேரையும் போல இரண்டு மடங்கு! அன்று பைசுங் பூட்டியா மூன்று கோல் போட்டார். ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று ஜெயித்தது.

இந்த வெறியில் உயிரும் போயிருக்கிறது. 1980 ஆகஸ்டு 16-ந் தேதி ஈடன் கார்டன் மைதானத்தில் ரசிகர்களுக்குள் அடிதடி. கூட்டம் சிதறி ஓடியது. மிதிபட்டும் விழுந்தும் 16 பேர் இறந்தார்கள். பந்து பார்க்கப் போன பிள்ளை பிணமாக வீட்டுக்கு வந்தான். அந்த நாளில் இப்போது ரத்ததானம் செய்கிறார்கள்.

சங்கனும் பதுமனும்

நமக்கு இது புதுக் கதை அல்ல. சங்கரன்கோவில் குழந்தைக்குக் கூடத் தெரியும்.

சங்கன், பதுமன் என்று இரண்டு நாகங்கள். ஒன்று சிவபக்தன். மற்றொன்று திருமால் பக்தன். "என் சாமிதான் பெரியவர்" என்றது ஒன்று. "இல்லை, என் சாமிதான்" என்றது மற்றொன்று. வழக்கு அம்பாளிடம் போயிற்று. கோமதி அம்மன் புன்னை வனத்தில் தவம் இருந்தாள். ஆடி மாதம் உத்திராடத்தன்று இறைவன் காட்சி கொடுத்தான். எப்படி? ஒரு பாதி சிவன். மறு பாதி திருமால். சங்கரநாராயணர்!

கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. சங்கனை, "நீ சிவனை விடு" என்று யாரும் சொல்லவில்லை. பதுமனையும் சொல்லவில்லை. அவரவர் பக்தி அவரவருக்கு இருந்தது.

கல்கத்தாவிலும் அப்படி ஒரு நாள் வந்தது. 2024 ஆகஸ்டு 9-ந் தேதி, கல்கத்தாவில் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியில், பணியில் இருந்த இளம் பெண் டாக்டர் பாலியல் கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டார். நாடே கொதித்தது. ஆகஸ்டு 18-ந் தேதி டூரண்டு கோப்பைக்காக மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதுவதாக இருந்தது. பாதுகாப்புக்குப் போலீஸ் போதாது என்று ஆட்டத்தை ரத்து செய்தார்கள்.

ஆட்டம் இல்லை. ஆனாலும் ரசிகர்கள் வந்தார்கள். பச்சையும் அரக்கும் கலந்த மோகன் பகான் கொடி ஒரு பக்கம். சிவப்பும் மஞ்சளுமான ஈஸ்ட் பெங்கால் கொடி ஒரு பக்கம். மைதானத்தின் வாசலில் கைகோத்து நின்றார்கள். "நீதி வேண்டும்" என்று ஒரே குரலில் கேட்டார்கள். போலீசார் தடியடி நடத்தினார்கள். அடி வாங்கும்போது யார் எந்தக் கட்சி என்று தடி பார்க்கவில்லை.

1980-ல் ஒருவரை ஒருவர் அடித்தவர்களின் பிள்ளைகள் 2024-ல் ஒன்றாக நின்று அடி வாங்கினார்கள்.

தமிழர் போட்ட கோல்

இதில் தமிழருக்கு என்ன பங்கு என்று கேட்பீர்கள். நிறைய உண்டு.

ஈஸ்ட் பெங்காலின் பொற்காலம் என்று கிழவர்கள் சொல்லுவது 1949 முதல் 1953 வரை. அந்த நாளில் முன்னணியில் ஐந்து பேர் ஆடினார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. ஐந்து பேரும் தென்னாட்டுக்காரர்கள்! அவர்களுக்கு வங்காளிகள் வைத்த பெயர் "பஞ்ச பாண்டவர்". இந்துவும் முஸ்லிமும் சேர்ந்த பாண்டவர்கள்!

இந்தக் காலத்துப் பாண்டவர் ஒருவர் இருக்கிறார். பெயர் நந்தகுமார் சேகர். சென்னையில் பிறந்தவர். சென்னை சிட்டி கிளப்பில் ஆடியவர். பிறகு டெல்லி அணிக்குப் போனார். அந்த அணி ஒடிசாவுக்கு இடம் மாறியது. 2023-ல் சூப்பர் கோப்பையை ஒடிசா ஜெயித்தபோது அவர் அந்த அணியில் இருந்தார். அதே ஆண்டு ஈஸ்ட் பெங்காலுக்கு வந்தார்.

அப்போது ஈஸ்ட் பெங்காலுக்கு ரொம்பக் கெட்ட நேரம். 2019 ஜனவரிக்குப் பிறகு நாலரை ஆண்டுகளாக மோகன் பகானை ஒருமுறை கூட ஜெயிக்கவில்லை. ரசிகர்கள் தெருவில் தலை காட்ட முடியவில்லை. 2023 ஆகஸ்டு 12-ந் தேதி டூரண்டு கோப்பை ஆட்டம். 1-0 என்று ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. அந்த ஒரு கோலைப் போட்டவர் நந்தகுமார்.

2024 ஜனவரி 19-ந் தேதி சூப்பர் கோப்பை. ஒடிசா மாநிலம் புவனேசுவரம், கலிங்கா மைதானம். இரண்டு அணிகளும் முதல் இரண்டு ஆட்டங்களிலும் ஜெயித்து வந்திருந்தன. இதில் முந்துகிறவர்தான் அரை இறுதிக்குப் போகலாம். 19-வது நிமிஷம் மோகன் பகானின் ஹெக்டர் யூஸ்தே கோல் போட்டார். ஐந்தே நிமிஷத்தில் ஈஸ்ட் பெங்காலின் கிளெய்டன் சில்வா பதில் கோல் போட்டார். இடைவேளைக்குச் சற்று முன்பு மோகன் பகானுக்கு பெனால்டி கிடைத்தது. அதாவது, கோல்கீப்பர் மட்டும் தடுக்கலாம். மற்ற யாரும் குறுக்கே வரக் கூடாது. பெத்ராதோஸ் அடித்தார். கோல் ஆகவில்லை!

63-வது நிமிஷம். நந்தகுமார் போட்டார் ஒரு கோல். 80-வது நிமிஷம் கிளெய்டன் இன்னொன்று. 3-1.

ஒன்றை மறைக்கக் கூடாது. அன்று மோகன் பகானின் ஆட்டக்காரர்கள் ஏழு பேர் ஆசியக் கோப்பைக்காக இந்திய அணியுடன் கத்தார் போயிருந்தார்கள். ஈஸ்ட் பெங்காலில் இருந்து போனவர்கள் இரண்டு பேர்தான். மோகன் பகான் ரசிகர்கள் இன்றும் இதைச் சொல்லிச் சமாதானம் அடைகிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கோல் கோல்தான்.

ஜனவரி 28-ந் தேதி இறுதிப் பந்தயம். எதிரே நின்றது ஒடிசா. நந்தகுமாரின் பழைய அணி! முதல் கோல் ஒடிசா போட்டது. சமன் செய்த கோலைப் போட்டவர் நந்தகுமார். கூடுதல் நேரத்தில் கிளெய்டன் ஒரு கோல் போட, 3-2 என்று ஈஸ்ட் பெங்கால் கோப்பையை வாங்கியது. 12 ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களுக்குக் கிடைத்த அகில இந்தியக் கோப்பை.

ஒரு தமிழர் கல்கத்தாவில் அகதிகளின் பேரப் பிள்ளைகளைத் தெருவில் ஆட வைத்தார். நம் ஊரில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? சினிமா நடிகரின் நாய்க்குட்டி பெயர் வரை தெரிந்து வைத்திருக்கிறோம்.

காகிதம் தீர்ந்தது

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். சென்னை ஏன் நான்கு கோல் வாங்கியது?

இந்தியாவில் கால்பந்தின் பெரிய வருமானம் ஐ.எஸ்.எல். என்ற லீக் பந்தயத்தில் இருந்து வருகிறது. லீக் என்றால், எல்லா அணிகளும் மாதக் கணக்கில் ஒருவரோடு ஒருவர் ஆடுவது. கிளப்புகளுக்கு டிக்கெட்டுப் பணம், விளம்பரப் பணம் எல்லாம் அதில்தான். ஆட்டக்காரரின் சம்பளம் அதில் இருந்து வருகிறது.

இந்த லீக்கை நடத்தும் உரிமை ஒரு கம்பெனியிடம் இருந்தது. 2010-ல் அகில இந்தியக் கால்பந்து சங்கம் 15 ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தது. தொகை 700 கோடி ரூபாய். 2025 டிசம்பர் 8-ந் தேதி ஒப்பந்தம் முடிகிறது. குத்தகை முடிவதற்கு முன்பே புதுச் சீட்டு எழுதுவதுதானே வழக்கம்? எழுதவில்லை. சங்கத்தின் சட்டதிட்டம் பற்றிய வழக்கு சுப்ரீம் கோர்ட்டில் இருந்தது. தீர்ப்பு வரும் வரை புது ஒப்பந்தம் போடக் கூடாது என்று இருந்தது.

விதைத்த பிறகு பாதியில் குத்தகை முடியும் என்றால் எந்த விவசாயி ஏர் பூட்டுவான்? கம்பெனியும் அப்படித்தான் யோசித்தது. 2025 ஜூலையில், "லீக்கை நிறுத்தி வைக்கிறோம்" என்று கிளப்புகளுக்குக் கடிதம் எழுதிவிட்டது.

ஆகஸ்டு மாதம் பெங்களூர் கிளப், ஆட்டக்காரர்களின் சம்பளத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அடுத்து சென்னையின் எப்.சி. தன் முதல் அணியின் வேலைகளை நிறுத்தி வைத்தது. ஒடிசா கிளப்பும் அதே வழியில் போயிற்று.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கால்பந்து ஆட்டக்காரர் என்றதும் கோடீசுவரர் என்று நினைக்கிறோம். பேரும் புகழும் பெற்ற சிலருக்குத்தான் அது. மற்றவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள். ஆட்டக்காரரின் தொழில் ஆயுள் பத்துப் பன்னிரண்டு வருஷம். அதில் ஒரு வருஷம் வீணானால் திரும்பி வராது. தறி ஓடாத மாதம் நெசவாளி வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று சங்கரன்கோவிலில் யாரும் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆட்டக்காரர் மட்டும் அல்ல. புல் வெட்டுகிறவர், துணி துவைக்கிறவர், பஸ் ஓட்டுகிறவர், காலுக்கு மருந்து தடவுகிறவர் எல்லோர் வீட்டிலும் அதே கதைதான்.

"கல்கத்தா கிளப்புகளுக்கும் லீக் நின்றதே?" என்று கேட்கலாம். நின்றது உண்மை. ஆனால் கல்கத்தாவில் லீக்கை விட்டால் வேறு பந்தயம் உண்டு. ஆகஸ்டில் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் டூரண்டு கோப்பையில் ஆடின. அதில் ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று ஜெயித்தது. அக்டோபர் 18-ந் தேதி ஐ.எப்.ஏ. கேடய இறுதியில் மறுபடியும் மோதினார்கள். அதில் பெனால்டியில் மோகன் பகான் ஜெயித்தது. இப்படிக் கால் சூட்டோடு கோவாவுக்கு வந்தார்கள்.

சென்னை அந்த ஆண்டு டூரண்டு கோப்பைக்கே போகவில்லை. ஆகஸ்டில் அணியின் வேலை நின்றது. பழைய பயிற்சியாளர் போய்விட்டார். புதுப் பயிற்சியாளர் வந்தார். கிளிபர்டு மிராண்டா. (2024 ஜனவரியில் ஈஸ்ட் பெங்காலிடம் 3-1 என்று தோற்ற மோகன் பகான் அணிக்குப் பயிற்சியாளராக நின்றவரும் இவர்தான். பாவம்!) இந்த நிலையில் கோவாவுக்குப் போய், இந்தியாவின் இரண்டு பெரிய கிளப்புகளை மூன்று நாள் இடைவெளியில் சந்தித்தது.

சென்னை அணி அதற்கு முன்பும் சிங்கமாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். 2015-லும் 2018-லும் ஐ.எஸ்.எல். கோப்பையை வாங்கிய அணி, 2024-25 லீக்கில் 13 அணிகளில் 11-வதாக வந்தது. நன்றாகப் பயிற்சி செய்திருந்தாலும் தோற்றிருக்கலாம். ஆனால் நான்கு கோல்? மூன்று கோல், இரண்டு கோல் என்றால் கணக்கு வேறு மாதிரி ஆகியிருக்கும். இரண்டு கோலோடு நின்றிருந்தால் அக்டோபர் 31 அன்று மிச்சமும் 2-க்கு 2 சமம். டீக்கடையில் வேறு விவாதம் நடந்திருக்கும்.

டெல்லியில் ஒரு காகிதம் கையெழுத்தாகவில்லை. சென்னையில் பயிற்சி நின்றது. கோவாவில் நான்கு கோல் விழுந்தது. கல்கத்தாவில் ஒரு வீட்டில் ஹில்சா வெந்தது. பக்கத்து வீட்டில் இறால் வாங்கவில்லை. நான் படித்த வரையில் அந்த 0-0 ஆட்டத்தின் கதை இவ்வளவுதான்.

ஏலம் கேட்க ஆள் இல்லை

சுப்ரீம் கோர்ட்டு செப்டம்பர் 19-ந் தேதி தீர்ப்புச் சொன்னது. லீக் உரிமையை யாருக்குக் கொடுப்பது என்று அக்டோபரில் டெண்டர் விட்டார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி நாகேசுவர ராவ் மேற்பார்வை பார்த்தார். நவம்பர் 7-ந் தேதி கடைசி நாள்.

ஒரு டெண்டர் கூட வரவில்லை!

நம் பூச்சந்தையில் வாடிப்போன பிச்சிப் பூவைக் கூடக் கேட்க ஆள் உண்டு. 140 கோடி ஜனங்கள் உள்ள நாட்டின் கால்பந்தை ஏலம் கேட்க ஓர் ஆள் வரவில்லை. இவ்வளவு பணம் கட்டினால் திரும்பி வராது என்பது பணக்காரர்களின் கணக்கு. 1 லட்சத்து 31 ஆயிரம் பேர் ஒரே மைதானத்துக்கு வந்த விளையாட்டு இது. சரக்கில் குறை இல்லை. கடை நடத்தியவர்களிடம்தான் குறை என்பது என் எண்ணம்.

கடைசியில் மத்திய அரசாங்கம் தலையிட்டது. 2026 ஜனவரி 6-ந் தேதி விளையாட்டு மந்திரி மன்சுக் மாண்டவியா ஓர் அறிவிப்புச் செய்தார். பிப்ரவரி 14-ந் தேதி ஐ.எஸ்.எல். தொடங்கும், 14 கிளப்புகள் ஆடும், மொத்தம் 91 ஆட்டம் என்றார். வழக்கமாக ஓர் அணி மற்ற அணியோடு இரண்டு முறை ஆடும். சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று. இந்த முறை ஒரே ஒரு முறைதான். அரை வயிற்றுச் சாப்பாடு. பட்டினிக்கு இது மேல் என்று கிளப்புகள் ஒப்புக்கொண்டன. அடுத்த ஆண்டுகளுக்கு என்ன என்பது அந்த அறிவிப்பில் இல்லை.

நம் பக்கத்துப் பையன்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மாலை நேரத்தில் கண்மாய்க் கரையிலும் பள்ளிக்கூட மைதானத்திலும் பந்து உதைக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு நந்தகுமாரைப் போலக் கால் வாய்த்திருக்கலாம். "கால்பந்தில் போனால் சோறு உண்டா?" என்று அவன் அப்பா கேட்டால், 2025-ல் நடந்ததைப் பார்த்தவர் எவரும் தைரியமாகப் பதில் சொல்ல முடியாது. அந்த அப்பாவைக் குறை சொல்லவும் முடியாது.

இதெல்லாம் தெரிந்த பிறகு, ஒருநாள் அதே டீக்கடைக்குப் போனேன். கேள்வி கேட்ட அண்ணாச்சி இருந்தார். கணக்கைச் சொன்னேன். இரண்டு கோல், நான்கு கோல், கழித்தல் எல்லாம் விளக்கினேன். சென்னையில் பயிற்சி நின்ற கதையையும் சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"சரி தம்பி. அப்புறம் அந்த ஈஸ்ட் பெங்கால் என்ன ஆச்சு? கப்பை வாங்கிட்டானா?"

"இல்லை அண்ணாச்சி. அரை இறுதியில் பஞ்சாப்பை ஜெயிச்சான். டிசம்பர் 7-ந் தேதி இறுதி ஆட்டம். கோவாவோடு மோதினான். அதிலும் 0-0. கூடுதல் நேரம் ஆடியும் கோல் விழலை. பெனால்டியில் 6-5 என்று கோவா ஜெயிச்சிட்டான். மறுநாள் அந்த 15 வருஷ ஒப்பந்தமும் முடிஞ்சு போச்சு."

அண்ணாச்சி டீக் கிளாசைக் கீழே வைத்தார்.

"நம்ம பிள்ளைகள் கொடுத்த நாலு கோலையும் வாங்கிக்கிட்டுப் போயி, கடைசியில அங்க தோத்துட்டானா?"